கடல் விட்டுவைத்ததைக் காற்று தின்றது

1901 அக்டோபர் 2 அன்று, இங்கிலாந்தின் பாரோவில் சத்தமில்லாமல் நீரில் இறக்கப்பட்டது ‘ஹாலந்து 1’. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி. 20 மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், எட்டுப் பேர், ஒரே அறை.

மூழ்கும் முறை எளிது. தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் எடை கூடும். ஆனாலும் மிதக்கும் தன்மையில் கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். மின்மோட்டார் ஓட, பின்புறம் கிடையாகப் பொருத்திய சுக்கான் மூக்கைக் கீழே தள்ளும். மோட்டார் நின்றால் கப்பல் தானே மேலே வந்துவிடும். நீர்மட்டத்தில் ஓட்டியது பெட்ரோல் இயந்திரம். மூடிய குழாய்க்குள் பெட்ரோல் ஆவி! கசிவை முன்கூட்டியே அறிய வெள்ளைச் சுண்டெலிகளை வைத்திருந்தார்கள். எலி மயங்கினால் ஆபத்து என்று பொருள்.

இவள் போர் எதையும் பார்க்கவில்லை. பயிற்சியிலேயே காலம் போய், 1913இல் பழைய இரும்பாக 410 பவுனுக்கு விலைபோனாள். உடைக்க இழுத்துச் செல்லும் வழியில், எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்கு அருகே மூழ்கினாள். உள்ளே யாருமில்லை.

என்னைக் கேட்டால், சுவாரசியமே இதற்குப் பிறகுதான். 1981இல் கண்டுபிடித்து, மறு ஆண்டு மேலே தூக்கினார்கள். அத்தனை காலம் கடலடியில் கிடந்தும் உருக்குலையவில்லை. சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் உள்ள நீர்மூழ்கி அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். பத்தே ஆண்டுகளில் இரும்பு பொரிந்து உதிரத் தொடங்கியது.

கடற்கரையோர வீடுகளின் ஜன்னல் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். பெயிண்ட் கொப்பளித்திருக்கும், நகத்தால் கீறினால் உள்ளே செம்பழுப்புத் தூள். அதே வேலைதான் இங்கும். உப்பிலுள்ள குளோரைடு துருவுக்குள் ஆழமாகப் புகுந்து உட்கார்ந்திருந்தது. ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்ததும் அது அமிலத்துக்கு வழிவிட்டு இரும்பை அரிக்கும். அரித்த பின்பும் குளோரைடு தீர்ந்துபோவதில்லை. விடுபட்டு அடுத்த அடுக்குக்குப் போகும். மேலே பெயிண்ட் அடித்து என்ன பயன்?

எனவே 1990களின் நடுவில் கப்பலைச் சுற்றிக் கண்ணாடியிழைத் தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட் கரைசலில் முழுவதுமாக ஊறவைத்தார்கள். காரக் கரைசலில் குளோரைடு மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும். அதுவரை இரும்பும் துருப்பிடிக்காது. அவசரப்படுத்த முடியாத வேலை. நான்கு ஆண்டுகள் ஊறினாள்.

2001 முதல் ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட தனிக் கட்டடத்தில் நிற்கிறாள். குனிந்தபடி உள்ளே நுழைந்தும் பார்க்கலாம்.