பொக்கே: மங்கலின் நயம்

கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் தெளிவாக இருக்கும். பின்னால் தொங்கும் சீரியல் செட் விளக்குகள் வட்டவட்டமாகக் கரைந்திருக்கும். ஸ்டூடியோக்காரர்கள் இதை ‘ப்ளர்’ என்பார்கள், கொஞ்சம் ஆழமாகப் போனவர்கள் ‘பொக்கே’ என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல.

பொக்கே ஜப்பானியச் சொல். மங்கிப்போவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. வயதானவர்களின் நினைவு மங்குவதற்கும் அங்கே இதே ஒலிதான். தூக்கக் கலக்கம் ‘நெபொக்கே’. விமானப் பயணத்துக்குப் பின் வரும் மந்தம் ‘ஜிசபொக்கே’. ஜப்பானியப் படக்காரர்களிடம் ‘பொக்கே அஜி’ என்றொரு வழக்கும் உண்டு. அஜி என்றால் சுவை. மங்கல் எவ்வளவு என்பதோடு நிற்காமல், அதன் சுவை எப்படி என்று கேட்டவர்கள் அவர்கள்.

அமெரிக்காவின் ‘ஃபோட்டோ டெக்னிக்ஸ்’ இதழ் 1997-இல் இதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டது. ஆங்கிலம் படிப்பவர்கள் கடைசி உயிரொலியை விழுங்கிவிடக் கூடாது என்று ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன் சொல்லின் இறுதியில் ஓர் ‘எச்’ சேர்த்தார். அந்த எழுத்துக்கூட்டல்தான் உலகெங்கும் பரவியது. தமிழில் எழுதும்போது வேறொரு சிக்கல்: பூக்கடைப் பலகையில் இருக்கும் ‘பொக்கே’, பூங்கொத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். இரண்டுக்கும் உறவே இல்லை.

சரி, கேமராவோடு வரும் 18–55 மி.மீ. கிட் லென்ஸில் இது கிடைக்குமா? கிடைக்கும். லென்ஸ் துவாரத்தின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண் சிறியதாக இருந்தால் மங்கல் கூடும் என்று கேள்விப்பட்டுப் பலர் 18 மி.மீ.-இல் எஃப் 3.5 வைத்து எடுக்கிறார்கள். பின்புலம் அவ்வளவாக மங்குவதே இல்லை. குவியத் தொலைவை (லென்ஸின் 18, 55 என்ற மி.மீ. எண்ணை) எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸ் துவாரத்தின் விட்டம் வரும். 18 மி.மீ.-இல் அது சுமார் 5 மி.மீ.; 55 மி.மீ.-இல் எஃப் 5.6 வைத்தாலும் கிட்டத்தட்ட 10 மி.மீ. ஆகவே ஜூமை முழுதாக இழுப்பதுதான் முதல் வேலை.

அந்த விட்டத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. வெகு தொலைவில் எரியும் விளக்கு, படத்தில், நாம் குவியப்படுத்திய பொருளின் பக்கத்தில் வைத்து அளந்தால் அதே 10 மி.மீ. வட்டமாக விரியும். அரை மீட்டரில் ஒரு மல்லிகை மொட்டைக் குவியப்படுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு கேமராவிலிருந்து 5 மீட்டரில் இருந்தால் வட்டம் 9 மி.மீ. மொட்டில் ஏறக்குறைய பாதி! விளக்கை 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் 5 மி.மீ.-ஆகச் சுருங்கிவிடும். அதனால்தான் ஆளைச் சுவரோடு ஒட்டி நிற்க வைக்கக் கூடாது. ஆள் முழுதும் தெரிய எடுக்கும் படத்தில் 9 மி.மீ. வட்டம் கண்ணுக்கே தட்டாது. அங்கே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸின் 28 மி.மீ. துவாரம் வேண்டும். பூ, கைவளை, குழந்தையின் விரல் என்று நெருங்கிப் போகிறவர்களுக்குக் கிட் லென்ஸே தாராளம்.

இதுவரை சொன்னது மங்கலின் அளவு. பொக்கே அதன் தரம். துவாரத்தைச் சுருக்கினால் அதன் இதழ்களின் எண்ணிக்கைக்கேற்ப வட்டம் பலகோணமாகும்; முழுதாகத் திறந்தால் படத்தின் ஓரங்களில் பூனைக் கண்போல் ஒடுங்கும். சில லென்ஸ்களில் வட்டத்தின் விளிம்பு அழுத்தமாகி, பின்னாலுள்ள கிளைகளும் கம்பிகளும் இரட்டைக் கோடுகளாகத் தெரியும். ஜப்பானியர்கள் அதை ‘நிசென் பொக்கே’ என்று தனியே பெயரிட்டுக் குறையாகவே சொல்கிறார்கள்.

எனவே தமிழிலும் மூன்று சொற்கள் தேவை. தெளிவாகத் தெரியும் தூர எல்லைக்குப் புல ஆழம். வெறும் ப்ளருக்குப் பின்புல மங்கல். பொக்கேவுக்கு ‘மங்கல் நயம்’ என்பது என் தேர்வு. குரலுக்கும் துணிக்கும் நாம் சொல்லும் அதே நயம். அளவைத் தொடாமல் தரத்தை மட்டும் பேசும் சொல். ‘மங்கலழகு’ என்றால் எல்லா மங்கலும் அழகுதான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டதாகிவிடும். ‘இந்த லென்ஸில் மங்கல் நிறைய, நயம் குறைவு’ என்று சொல்ல இடம் வேண்டுமே.