பிங் பதில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்?

ஒரு மெஷின் பதில் தருகிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் சோதனைதான் பிங். நாம் அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டும் (டேட்டாவின் சிறு துண்டு) போய்ச் சேரும் என்று இன்டர்நெட் உத்தரவாதம் தருவதில்லை, வழியில் பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் ஏதாவது ஒரு ரவுட்டர் அதைக் கைவிட்டுவிடலாம். அப்படிக் கைவிடும்போது, "இன்ன காரணத்தால் உன் பாக்கெட் போகவில்லை" என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்லத்தான் ஐசிஎம்பி (ICMP) என்ற நெறிமுறை இருக்கிறது. 1981-ல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 792 என்ற இன்டர்நெட் ஆவணம் இதன் விதிகளை வகுத்தது.

இந்தத் தகவலுக்குள் கைவிடப்பட்ட பாக்கெட்டின் ஐபி ஹெடரும் (முகவரிகள் உள்ள முன்பகுதி), அதற்கடுத்த 8 பைட்டாவது அப்படியே நகலாக இருக்கும். எட்டே பைட்தானா என்று தோன்றும். ஆனால் டேட்டாவைக் கொண்டுசெல்லும் முறைகளான டிசிபி, யூடிபி இரண்டிலுமே, புரோகிராமை அடையாளம் காட்டும் போர்ட் எண்கள் அதற்குள் வந்துவிடுவதால், எந்த புரோகிராம் அனுப்பியது என்று நம் கம்ப்யூட்டர் உடனே தெரிந்துகொள்ளும். அழகான சிக்கனம்!

பிங்கும் ஐசிஎம்பிதான். வகை 8 தகவல் (கேள்வி) போகும், வகை 0 (பதில்) திரும்பி வரும், இடைப்பட்ட நேரத்தை அளக்கிறோம். 1983 டிசம்பரில் மைக் மூஸ் இதை எழுதியபோது, நீருக்கடியில் எதிரொலியால் பொருள்களைக் கண்டறியும் சோனாரின் ஒலியை நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தார்.

பாக்கெட் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் இன்னும் சாமர்த்தியமானது. ஒவ்வொரு ரவுட்டரும் பாக்கெட்டின் டிடிஎல் எண்ணில் (இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற கணக்கு) ஒன்றைக் குறைக்கும், பூஜ்யமானால் பாக்கெட்டைக் கைவிட்டு வகை 11 தகவல் அனுப்பும். சரி, வேண்டுமென்றே டிடிஎல் 1 வைத்து அனுப்பினால் முதல் ரவுட்டர் தன் முகவரியோடு பதில் தரும், 2 வைத்தால் இரண்டாவது, இப்படியே போனால் பாதை முழுக்கத் தெரிந்துவிடும்.

பதிலே வரவில்லை என்றால் அந்த மெஷின் செயலிழந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பாதுகாப்புக்காகப் பாக்கெட்டுகளை வடிகட்டும் ஃபயர்வால் ஐசிஎம்பியைத் தடுத்திருக்கலாம். பாதுகாப்பு என்று நினைத்து எல்லா ஐசிஎம்பியையும் மொத்தமாக அடைப்பது பெரிய தவறு. "பாக்கெட் பெரிதாக இருக்கிறது, துண்டாக்கவும் அனுமதி இல்லை" என்ற வகை 3, கோடு (code) 4 தகவலும் அதோடு சேர்ந்து அடைபட்டால், பாக்கெட்டைச் சிறிதாக்க வேண்டும் என்பதே அனுப்பியவருக்குத் தெரியாது. இணைப்பு கிடைக்கும், சின்னப் பாக்கெட்டுகள் போகும், பெரிய ஃபைல் மட்டும் அப்படியே தொங்கும். இது பலரை நாள்கணக்கில் அலைக்கழிக்கும் கோளாறு. துண்டாக்கத் தடை போட்டு 1472 பைட் டேட்டாவோடு ஒரு பிங், அப்புறம் 1400 பைட்டோடு ஒன்று அனுப்பிப் பாருங்கள். முதலாவதற்குச் சத்தமே இல்லாமல், இரண்டாவதற்கு மட்டும் பதில் வந்தால், தேட வேண்டிய இடம் அந்த ஃபயர்வால்தான்.