பேக்கேஜ் என்றால் எந்தப் பேக்கேஜ்?

விற்பனைத் துறையில் 'பேக்கேஜ்' என்ற சொல்லை மூன்று பொருளில் புழங்குகிறோம்: பொருளைச் சுற்றியிருக்கும் உறை, பலவற்றைச் சேர்த்து ஒரே விலைக்குத் தரும் தொகுப்பு, பேரத்தில் எல்லா அம்சங்களையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் முன்மொழிவு. மூன்றிலுமே உள்ளே இருப்பதன் தனி விலை கண்ணில் படாமல் போய்விடுகிறது.

உறையில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. 100 கிராம் பாக்கெட் அதே விலையில் 90 கிராமாகச் சுருங்கினால், விலை 11 சதவீதத்துக்குச் சற்று மேலேயே ஏறியிருக்கிறது. '25 சதவீதம் கூடுதல் இலவசம்' என்று போட்டிருந்தால் உண்மையான தள்ளுபடி 20 சதவீதம்தான். எடையால் விலையை வகுத்துப் பார்த்தால் போதும்.

தொகுப்பின் கணக்கு இன்னும் சுவையானது. ஒருவர் முதல் மென்பொருளுக்கு 100, இரண்டாவதற்கு 40 வரை தரத் தயார், இன்னொருவர் நேர்மாறாக. ஒவ்வொன்றையும் 100க்கு விற்றால் மொத்த வரவு 200. இரண்டையும் சேர்த்து 140 என்றால் இருவருமே வாங்குவார்கள், வரவு 280. இருவரின் விருப்பமும் ஒரே மாதிரி இருந்தால் இந்த லாபம் வராது. ஓடாத சரக்கை ஓடும் சரக்கோடு கட்டித் தள்ளுபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

அதிகம் சொதப்புவது பேரத்தில். விலை 100, பணம் 30 நாளில், சரக்கு 20 நாளில் என்று கொட்டேஷன் கொடுக்கிறீர்கள். எதிர்த்தரப்பு முதலில் விலையை மட்டும் பேசி 95க்கு இறக்குகிறது. மறுநாள் பணத்துக்கு 60 நாள் கேட்கிறது. கடைசியில் சரக்கு 10 நாளில் வேண்டும் என்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன விட்டுக்கொடுப்பு. கூட்டினால் உங்கள் லாபமே காலி. ஒவ்வொன்றாக முடித்ததால், பதிலுக்குக் கேட்க உங்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

அதற்குப் பதில் இரண்டு பேக்கேஜ்களை ஒரே நேரத்தில் வையுங்கள். ஒன்று: விலை 96, பணம் 15 நாளில், சரக்கு 20 நாளில். மற்றொன்று: விலை 103, பணம் 45 நாளில், சரக்கு 10 நாளில். உங்கள் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். இதை முன்கூட்டியே தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள். அவர் எதன் பக்கம் சாய்கிறார் என்பதிலேயே அவருக்கு அவசரம் பணமா, நேரமா என்று தெரிந்துவிடும். நேரடியாகக் கேட்டால் சொல்லவே மாட்டார்! மூன்று பேக்கேஜுக்கு மேல் வைத்தால் குழப்பம்தான்.

முதலாவதன் விலையையும் இரண்டாவதன் கெடுவையும் சேர்த்துக் கேட்பார்கள், நிச்சயமாக. அதனால் மின்னஞ்சலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்: "விலை, பணக் கெடு, சரக்குக் கெடு மூன்றும் சேர்ந்ததே ஒரு பேக்கேஜ், ஒன்று மாறினால் மற்றவையும் மாறும்." வாங்குபவராக இருந்தால், கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு அம்சத்தையும் நீக்கினால் விலை எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். 'இலவசப் பராமரிப்பு' என்று சேர்த்ததை நீக்கச் சொன்னதும் விலை இறங்கினால், அது இலவசமாக இருந்ததே இல்லை.