‘ஆஸ்… ஆஸ்’ என்றால் ‘போல’ இல்லை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் ஆங்கில நோட்டைப் புரட்டினால் இந்த வரி கட்டாயம் இருக்கும்: “ஆஸ் டால் ஆஸ் = போல உயரமான.” ட்யூஷனிலும் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்களும் இதே பழக்கத்தில் ‘போல’ போட்டு முடித்துவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் சொல்லின் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் ‘ஈயல்ஸ்வா’ என்றொரு சொல் இருந்தது. ‘முழுக்க அப்படியே’ என்பது போன்ற பொருள். அது தேய்ந்து ஒரு பக்கம் ‘ஆல்ஸோ’ ஆனது, இன்னும் தேய்ந்து ‘ஆஸ்’ ஆனது. அவ்வளவுதான்.

இப்போது ‘போல’. நம் மொழியில் இது உவம உருபு. உவமை என்றாலே அதில் ஒரு சிறப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். “உயர்ந்ததன் மேற்றே உள்ளுங் காலை” என்று தொல்காப்பியம் உவமவியலில் சொல்வது அதைத்தான். ‘கிருஷ்ணனைப் போல ராமன் உயரமானவன்’ என்று சொன்னால் இருவரும் நெட்டை என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஆங்கிலத்தின் ‘ஆஸ் டால் ஆஸ்’ அப்படிச் சொல்வதே இல்லை. இருவரும் மூன்றடி வாண்டுகளாக இருந்தாலும் அது பொருந்தும். அது அளவு நாடா பிடிக்கும் சொல், புகழும் சொல் இல்லை. (‘ஆஸ் ஷார்ட் ஆஸ்’ என்றால் மட்டும் இருவரும் குட்டை என்றே ஆகிவிடும். அது வேறு கதை.) இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி ‘ஆஸ் ஓல்டு ஆஸ் யுவர் டாட்டர்’ என்று எழுதியிருந்ததை ‘உங்கள் மகளைப் போல வயதானவள்’ என்று தமிழாக்கினால் எப்படி இருக்கும்? ‘உங்கள் மகள் வயதுதான்’ என்று எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவாள்.

உண்மையான வில்லங்கம் ‘இல்லை’ சேரும்போதுதான் வருகிறது. ‘ஆனைமுடியைப் போலத் தொட்டபெட்டா உயரமில்லை.’ இதற்கு என்ன பொருள்? ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று தெரிந்தவருக்குச் சிக்கலில்லை. தெரியாதவர், ‘ஆனைமுடியும் உயரமில்லை, தொட்டபெட்டாவும் உயரமில்லை’ என்று படித்தால் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. ‘அண்ணனைப் போலத் தம்பி கெட்டிக்காரன் இல்லை’ என்பதும் அப்படித்தான். அண்ணன் மக்கா, மேதையா? பேச்சில் குரலை ஏற்றி இறக்கிச் சமாளிக்கலாம், எழுத்தில் வழியில்லை. ‘ஆனைமுடி அளவுக்குத் தொட்டபெட்டா உயரமில்லை’ என்று எழுதிப் பாருங்கள். ஒரே பொருள்தான் வரும்.

ஆங்கிலத்தில் இந்த வேலையைச் சொல்வரிசை பார்த்துக்கொள்கிறது. எதை வைத்து அளக்கிறோமோ அது இரண்டாவது ‘ஆஸ்’ஸுக்குப் பின்னால் கடைசியில் வரும். நமக்கோ அது முன்னால் வரும். ‘ராமன் இஸ் ஆஸ் டால் ஆஸ் கிருஷ்ணன்’ என்பதில் பெயர்களை மாற்றிப் போட்டாலும் உண்மை மாறாது, யார் அளவுகோல் என்பது மட்டும் மாறும். அதுவும் சின்ன விஷயமில்லை. ‘வடகொரியா சீனாவைப் போன்றது’ என்பதை ஏற்பவர்கள், ‘சீனா வடகொரியாவைப் போன்றது’ என்பதை அந்த அளவுக்கு ஏற்பதில்லை என்று 1977-லேயே உளவியலாளர் அமோஸ் ட்வெர்ஸ்கி காட்டினார். ஆனால் ‘நாட்’ நுழைந்த பிறகு (அப்போது முதல் ‘ஆஸ்’ ‘ஸோ’வாகவும் வரும்) பெயர்களை மாற்றினால் வாக்கியம் தலைகீழ். ‘ராமன் இஸ் நாட் ஸோ டால் ஆஸ் கிருஷ்ணன்’ என்றால் குட்டை ராமன், மாற்றிப் போட்டால் குட்டை கிருஷ்ணன். ஒப்பீட்டு வாக்கியத்தை வேறு வடிவில் எழுதச் சொல்லிப் பள்ளியில் ‘டிகிரி மாற்று’ என்று வரும் கேள்விக்கு மதிப்பெண் போவது இங்கேதான். ‘போல’ என்று மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, இரண்டில் எது அளவுகோல் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

பாவம், அதே பிள்ளைக்கு, ‘ஆஸ்… ஆஸ்’ வரும் ஒப்பீட்டுக்குப் பள்ளி இலக்கணம் வைத்த பெயரான ‘பாசிட்டிவ் டிகிரி’யை ‘நேர்மறை நிலை’ என்று வேறு எழுதிப்போடுகிறார்கள். ‘நாட் ஸோ டால்’ என்று மறுத்துச் சொல்வதும் பாசிட்டிவ் டிகிரிதான், அதில் என்ன நேர்மறை? லத்தீனில் அது ‘வைக்கப்பட்டது’, அதாவது சொல்லின் அடிப்படை வடிவம், அவ்வளவே. ‘சமநிலை ஒப்பீடு’ என்போரும் உண்டு. ‘நாட்’ வந்ததும் அந்தச் சமம் எங்கே போயிற்று என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். பெயர் வேண்டுமென்றால் ‘அளவொப்பு’ போதும். ஒப்பு நமக்குப் பழைய சொல்தான். ஐந்தாம் வேற்றுமைக்கு, அதாவது ‘இன்’ உருபுக்கு, சொன்ன பொருள்களில் அதுவும் ஒன்று. ‘காக்கையிற் கரிது களாம்பழம்’ என்ற பழைய எடுத்துக்காட்டைக் காக்கை அளவுக்குக் கரியது என்றும், காக்கையைவிடக் கரியது என்றும் இரண்டாகவும் கொள்ளலாம். அந்தக் குழப்பம் நமக்கு ஒருமுறை வந்து, ‘விட’ என்றும் ‘அளவு’ என்றும் பிரிந்து தீர்ந்த ஒன்று. அதைப் போய் ‘போல’வால் மறுபடி கிளறுவானேன்?

ஓர் இடத்தில் மட்டும் ‘போல’வை விட்டுவிடுகிறேன். கணக்கில் ‘அதைப் போல் இரு மடங்கு’ என்பது நல்ல தமிழ், மடங்கு என்ற சொல்லே அளவைப் பிடித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில்தான் தகராறு. ‘பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள்’ என்பதை ஆங்கிலத்தில் கொடுத்துச் சமன்பாடு எழுதச் சொன்னபோது அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் தவறாக எழுதினார்கள். ‘சிக்ஸ்’, ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்று சொற்கள் வந்த வரிசையிலேயே ஆறைப் பேராசிரியர் பக்கம் போடாமல் மாணவர் பக்கம் போட்டுப் பெருக்கிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ‘அளவு’ சொல்லிக்கொடுப்பது எளிது. பக்கத்து வீட்டு மலையாளத்தில் ‘ராமனோளம் பொக்கம்’ (ராமன் அளவு உயரம்) என்று தினமும் கேட்கிறார்கள். அந்த ‘ஓளம்’ நம் ‘அளவும்’ தேய்ந்ததுதான். ஆனால் எண்ணோடு சேரும்போது உஷார். ‘அஞ்ஞூறோளம் பேர்’ என்றால் மலையாளத்தில் ஏறத்தாழ ஐந்நூறு பேர். அதை நினைத்துக்கொண்டு ‘ஆஸ் மெனி ஆஸ் 500 பீப்பிள்’ என்பதைச் ‘சுமார் 500 பேர்’ என்றும் ‘500 பேர் வரை’ என்றும் எழுதுகிறார்கள். முதலாவது தப்பு, இரண்டாவது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இவ்வளவு பேரா என்ற வியப்புதான் பெரும்பாலும் அந்த ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘ஐந்நூறு பேர் வந்துவிட்டார்கள்’ என்றால் போதும்.