குளிர்பான பாட்டிலின் பின்பக்கம்: என்ன எழுதியிருக்க வேண்டும், ஏமாற்றினால் எங்கே போவது

காசு கொடுத்து வாங்கும் குளிர்பானத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வது சட்டம் தந்த உரிமை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 2020-இல் வந்த லேபிள் விதிகளும் அதைச் சொல்கின்றன. சட்டப் பின்னணி இவ்வளவு போதும். அந்த உரிமை கடையிலும் அலுவலகத்திலும் எங்கெங்கே கைநழுவுகிறது என்பதுதான் முக்கியம்.

முதலில், முன்பக்கத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மாம்பழம் சாறு சொட்டுகிற படம் போட்டிருக்கும். ஆனால் 'பழ பானம்' என்று விற்க 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே விதிப்படி போதும். எலுமிச்சை என்றால் 5 சதவீதம். மூலப்பொருள் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும். தண்ணீருக்கு அடுத்து சர்க்கரை, அதற்குப் பிறகு பழக்கூழ் என்று இருந்தால், அதில் பழத்தைவிடச் சர்க்கரைதான் அதிகம். அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் பானங்களில் '100 சதவீதப் பழச்சாறு' என்று போடக்கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஜூனில்தான் உத்தரவிட்டது. அதுவரை எத்தனை பேர் அதை நம்பி நோயாளிக்கு வாங்கிப் போனார்களோ.

அடுத்த கண்ணி, பரிமாறும் அளவு. சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு பரிமாறல் 200 மில்லி என்று நிறுவனம் வைத்துக்கொண்டால், 20 கிராம், 'தினசரி அளவில் 40 சதவீதம்' என்று லேபிளில் வரும். உங்கள் கையில் இருப்பதோ 600 மில்லி பாட்டில். முழுவதையும் குடித்தால் 60 கிராம், அதாவது 120 சதவீதம். இந்தக் கணக்கை லேபிள் போட்டுத் தராது, நீங்கள்தான் பெருக்கிப் பார்க்க வேண்டும். அந்தச் சதவீதமும் நாளொன்றுக்கு 2000 கிலோ கலோரி உண்ணும் பெரியவருக்கானது, 50 கிராம் சேர்த்த சர்க்கரையை வைத்துப் போட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வரியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பழத்திலேயே உள்ள சர்க்கரை அந்த வரிக்குள் வராது. அட்டவணையில் 'மொத்தச் சர்க்கரை' என்ற வரியைப் பாருங்கள். 'சுகர் ஃப்ரீ' என்று போட 100 மில்லிக்கு 0.5 கிராமைத் தாண்டக் கூடாது. 'குறைந்த சர்க்கரை' என்று போட 2.5 கிராம்தான் உச்சம்.

உணவில் சேர்க்கும் நிறம், இனிப்பு, பதப்படுத்தி போன்றவற்றுக்கு லேபிளில் போடும் ஐஎன்எஸ் எண்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் பயமுறுத்தல்களில் பாதியை ஒதுக்கிவிடலாம். 330 என்பது சிட்ரிக் அமிலம், 290 கரியமில வாயு. கவனிக்க வேண்டியவை வேறு. 950, 951, 955 இருந்தால் செயற்கை இனிப்பு. 102, 110, 122 செயற்கை நிறங்கள். குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கையை இந்த நிறங்கள் உள்ள உணவுகளில் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கிவிட்டது. இங்கே அந்த எச்சரிக்கை கட்டாயமில்லை. எனர்ஜி டிரிங்குகளில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல என்ற வரி இருக்க வேண்டும். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள், கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கவே கூடாது என்றும் விதி இருக்கிறது. எத்தனை பள்ளி வாசல்களில் அது நடக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

எனக்கு ஆறாத கோபம், உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் கரைசலான ஓ.ஆர்.எஸ். விஷயத்தில்தான். வயிற்றுப்போக்கில் வாடும் பிள்ளைக்கு மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டால், பெயரில் அந்த எழுத்துகளை ஒட்டிய இனிப்பு பானத்தை எடுத்துக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அந்த பானங்களில் அதைப்போலப் பல மடங்கு சர்க்கரை, உப்போ மிகக் குறைவு. அதிகச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை இன்னும் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடினார். இடையில், 'இது ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று ஒரு வரி போட்டால் பெயரை வைத்துக்கொள்ளலாம் என ஆணையமே அனுமதித்தது. 2025 அக்டோபர் 14-இல்தான் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. பெயர் மாறினாலும் பழைய அட்டைப்பெட்டியின் சாயலில் பானம் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். ஃபார்முலா என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசம். கேட்டு வாங்குங்கள்.

இனி, புகார். பாட்டிலில் ஏதோ மிதக்கிறது, லேபிளில் 14 இலக்க உரிம எண் இல்லை, தேதி அழிந்திருக்கிறது என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் போக வேண்டும். எம்.ஆர்.பி.க்கு மேல் 'கூலிங் சார்ஜ்' வாங்கினால் அது வேறு துறை: தொழிலாளர் உதவி ஆணையரின் அமலாக்கப் பிரிவு. இரண்டையும் ஒரே மனுவில் எழுதிவிடாதீர்கள். 'இது எங்களுடையது இல்லை' என்று மொத்த மனுவையும் திருப்பிவிட அது ஒன்றே போதும்.

பில் இல்லாமல் போகாதீர்கள். பெட்டிக்கடையில் பில் கிடைக்காது என்றால் ஜிபே, போன்பேயில் பணம் கட்டுங்கள், கடைப்பெயரோடு பதிவு நிற்கும். பாட்டிலைத் திறக்காதீர்கள், திறந்ததைக் காட்டினால் 'நீங்களே ஏதாவது போட்டிருக்கலாம்' என்பார்கள். பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, உரிம எண் மூன்றும் தெளிவாகத் தெரியப் படம் எடுங்கள். அலுவலர் வந்தால் கடையிலிருந்துதான் மாதிரி எடுப்பார். பேட்ச் எண் இல்லாவிட்டால் வேறு சரக்கை எடுத்து, எல்லாம் சரி என்று கோப்பை மூடிவிட முடியும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கு அல்ல, வாங்கிய கடை இருக்கும் மாவட்டத்தின் உணவுப் பாதுகாப்புத் துறை நியமன அலுவலருக்கு எழுதுங்கள். தமிழ்நாட்டில் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணிலும் அனுப்பலாம். எங்கே அனுப்பினாலும் புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் விடாதீர்கள்.

நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதனைக்காக வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்ன மறுநிமிடம் அவர் சரக்கே இல்லை என்பார். அதனால் இருவராகப் போங்கள், முதலில் பில்லை வாங்கிவிட்டு அங்கேயே சொல்லுங்கள், சொன்னதற்கு உடன் வந்தவர் சாட்சி.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும். துறையின் விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலம் உங்களுக்காக நிற்காது.