ரெண்டு வயசுக் குட்டி மேல ஏறலாமா?

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை முடிந்த கையோடு எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ சோளிங்கரிலிருந்தோ யாராவது ஒருவர், "அண்ணா, மார்வாரி குட்டி ஒண்ணு புடிச்சிட்டு வந்துட்டன், ரெண்டு வயசு, நல்லா ஓங்கிட்டான், எப்போ ஏறலாம்?" என்று கேட்பார். நாலு வயசு நெருங்கட்டும் என்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "வித்தவரு இப்பவே ஏறலாம்னாரே" என்பார். விற்றவர் அப்படித்தான் சொல்வார், அந்தக் குதிரை திரும்ப அவர் வீட்டுக்குப் போகப்போவதில்லையே.

வேலூர் பக்கம் குதிரை பழக்குவது என் தொழில். முரண்டு பிடிக்குது, ஆளைத் தள்ளுது, சேணத்தைப் பார்த்தாலே கடிக்க வருது என்று என்னிடம் கொண்டுவரும் ஐந்தாறு வயதுக் குதிரைகளில் பலவற்றின் பூர்வீகத்தைக் கிளறினால், பால்பல் விழுவதற்குள் முதுகில் ஆள் ஏறிய கதைதான் வெளியே வரும். அவசரத்துக்குக் காரணம் எனக்கும் தெரியும். தீவனச் செலவு தினமும் இருக்கிறது, முகூர்த்த மாதங்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விட்டால் கையில் காசு வரும், பையன்களுக்கு ரீல்ஸ் போட வேண்டும். ஆனால் அந்த அவசரத்துக்கு உண்டான விலையைக் குதிரைதான் கொடுக்கிறது, ஏழெட்டு வயதில் நொண்டும்போது நாமும் கொடுக்கிறோம்.

இரண்டு வயதில் குதிரை உயரத்தில் கிட்டத்தட்ட முழு ஆளாகத் தெரியும். ஏமாறுவது இங்கேதான். எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று குருத்தெலும்பால் ஆன ஒரு பகுதி இருக்கிறது, எலும்பு நீள்வது அந்த இடத்தில்தான், அது முழுக்க எலும்பாக மாறிய பிறகே மூடிவிட்டது என்று டாக்டர்கள் சொல்வார்கள். குதிரைக்கு இது காலின் அடியிலிருந்து மேலே போகப்போகத் தாமதமாகும். குளம்புக்கு மேலே உள்ள சின்ன எலும்புகளில் ஏறக்குறைய ஒரு வயதில் முடிந்துவிடும், முன்னங்கால் முட்டிக்கு மேலே இரண்டு, இரண்டரை வயதாகும், பின்பக்கம் தொடை எலும்புக்கு மூன்று, மூன்றரை. எல்லாவற்றுக்கும் கடைசி முதுகெலும்பு, அதற்கு ஐந்தரை வயது வரைகூட ஆகலாம். அதாவது நாம் போய் உட்காருகிற இடம்தான் கடைசியில் முற்றுகிறது. "மார்வாரி சீக்கிரம் முத்தற சாதி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இந்த விஷயத்தில் இனத்துக்கு இனம் பெரிய வித்தியாசம் கிடையாது.

ரேஸில் இரண்டு வயதுக் குதிரை ஓடவில்லையா என்று உடனே கேட்பார்கள். ஓடுகிறது. இளம் வயதில் அளவான ஓட்டம் எலும்பைக் கெட்டிப்படுத்தும் என்பதும் உண்மைதான், கொட்டகையில் கட்டியே போட்ட குட்டிக்குத்தான் எலும்பு நோஞ்சானாகும். ஆனால் அங்கே மேலே இருக்கும் ஜாக்கி ஐம்பது சொச்சம் கிலோ, சேணம் பெயருக்குத்தான், கீழே பார்த்துப் பார்த்துப் பராமரித்த தரை, பக்கத்திலேயே டாக்டர். அவ்வளவு இருந்தும் கால் போய் ஓரங்கட்டப்படும் குதிரைகள் அங்கே கொஞ்சமில்லை. நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வளர்ந்த குதிரையே சேணத்தோடு சேர்த்துத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமந்தால் போதும் என்பது பொதுவான அளவு, 350 கிலோ குதிரைக்கு 70 கிலோ. மாப்பிள்ளை 80 கிலோ, அலங்காரச் சேணம் தனி, முன்னால் உட்காரவைத்த அக்கா பையன் தனி. இத்தனையும் 300 கிலோகூட எட்டாத ஒரு குட்டியின் மேல், தார் ரோட்டில், முன்னால் பேண்டு செட்டு, பின்னால் ஜெனரேட்டர். இதில் குட்டி ஆடாமல் அசையாமல் நின்றால் "சாதுவான குதிரை" என்று பெயர் வேறு வாங்கிவிடும். பல நேரம் அது பயத்தில் உறைந்துபோய் நிற்கிறது, அவ்வளவுதான்.

பொய்கை செவ்வாய்ச் சந்தையில் மாடு பிடிக்கிற யாரும் வாயைத் திறந்து பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்கமாட்டார், பல்லு போடாத கன்றை ஏரில் பூட்டவும் மாட்டார். அதே மனிதர் குதிரை வாங்கும்போது சுழியை மட்டும் நாலு தடவை சுற்றிச்சுற்றிப் பார்க்கிறார். குதிரைக்கு முன்பல்லில் நடு ஜோடி இரண்டரை வயதில் மாறும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரப் பல் நாலரையில். கடைவாய்ப் பற்களிலும் முன்வரிசை இரண்டரையிலிருந்து நாலு வயதுக்குள் மாறுகிறது. ஆற்காடு பக்கமிருந்து வந்த ஒரு செவலைக் குட்டி, மூன்றரை வயது என்று சொல்லி விற்றிருந்தார்கள். உதட்டைப் பிரித்தால் நடுப்பல் இரண்டும் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு எட்டிப்பார்க்கின்றன. டாக்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், கடைவாயில் பால்பல்லின் மேல்தொப்பி பாதி கழன்று புதுப்பல் மேல் ஆடிக்கொண்டிருந்தது, அதன் ஓரம் கன்னத்தின் உள்பக்கத்தை அறுத்திருந்தது. லகானை இழுக்கும்போதெல்லாம் கன்னம் அந்தக் கூர்மையில் போய் அழுந்தும், குட்டி தலையை உதறும். உதறுகிறது என்று மூக்கைச் சேர்த்து வாரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், மூக்குத் தண்டில் முடி போய் வெள்ளைத் தழும்பு. அந்தக் குட்டிக்குத் திமிர் என்று என்னிடம் சொன்னார்கள்.

சரி, நாலு வயது வரை சும்மா தீனி போட்டுக்கொண்டிருப்பதா? அப்படியும் இல்லை. தரையில் நின்று செய்கிற வேலை இருக்கிறதே, அதற்கே இரண்டு வருஷம் சரியாகப் போகும்.

முதலில் கயிறு. குதிரையை ஒரு பக்கம் அழுத்தினால் அது விலகாது, எதிர்த்து அழுத்தும், அதன் சுபாவம் அது. கயிற்றை மெல்லப் பிடித்துக் காத்திருந்து, தலையை ஒரு அங்குலம் நம் பக்கம் கொடுத்த அதே நொடியில் தளர்த்த வேண்டும். தளர்த்துவதில்தான் அது கற்றுக்கொள்கிறது. நம் ஆட்கள் இழுப்பதில் கெட்டிக்காரர்கள், விடத்தான் தெரியாது. முன்னால் வர, நிற்க, பின்னால் போக, பின்பாகத்தை ஒதுக்க என்று ஒவ்வொன்றும் இப்படித்தான், ஒரு தடவைக்குக் கால்மணி நேரம் போதும். கத்திரி வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், நம் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் இரண்டு பக்கமும் பழக்குவது. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும், நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. ஆனால் இடது பக்கம் பழக்கியது வலது பக்கமும் வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. நாம் பிடிப்பது, கட்டுவது, தேய்ப்பது எல்லாமே இடது பக்கமிருந்துதான். ஒருநாள் ஏறுகிறவர் காலை வலது பக்கம் போட, அங்கே திடீரென்று ஒரு கால் முளைத்ததைப் பார்த்துக் குட்டி மிரண்டு ஓட, ஆள் கால்வாயில் கிடப்பார். அதனால் காது, வயிறு, தொடை இடுக்கு என்று உடம்பு முழுவதும் கை படாத இடமே இல்லாமல் இரு பக்கமும் தடவிப் பழக்குங்கள். நாலு காலையும் தூக்கிப் பிடித்துக் குளம்பைத் தட்டிப் பழக்குங்கள், லாடம் அடிக்க வருபவர் உங்களை வாழ்த்துவார்.

ஏறாமலே ஊரைச் சுற்றலாம். சாந்தமான பெரிய குதிரை ஒன்று கூட வந்தால் இன்னும் நல்லது. லாரியில் படபடக்கிற தார்ப்பாய், ஷேர் ஆட்டோ, நாய், மைக் செட்டு, பட்டாசு எல்லாவற்றையும் முதலில் தூரத்தில் வைத்துக் காட்டி, தலையைத் தாழ்த்தி மூச்சு விட்ட பிறகு ஒரு பத்தடி கிட்டே போங்கள். பாலாற்று மணல் மெத்தென்று இருக்கிறது என்று அங்கேயே ஓட்டுகிறார்கள், ஆழமான மணல் காலின் தசைநாணுக்கு ஆகாது, கெட்டியான ஓரமாக நடங்கள். அதேபோல நீளக் கயிற்றில் சின்ன வட்டமாக அரைமணி நேரம் சுற்றவிடுவதை நிறுத்துங்கள். வளர்கிற முட்டிக்கு ஏறி உட்காருவதைவிட அது ஒன்றும் நல்லதில்லை. அதற்குப் பதில் மூன்று வயதில் இரண்டு நீளக் கயிறு போட்டு, பின்னால் நடந்தபடி திருப்ப, நிறுத்தப் பழக்கலாம். சைதாப்பேட்டையில் வெகுகாலம் ஜட்கா ஓட்டிய ஒரு பாய் இதைப் பார்த்துவிட்டு, "இன்னா பா புதுசா சொல்ற, வண்டிக் குதிரைக்கு இதானே மொத வேலை" என்றார். வியன்னாவின் ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூலிலும் வெள்ளைக் குதிரைகளுக்கு நாலு வயதுவாக்கில்தான் பாடம் தொடங்குகிறது.

சேணம் மூன்றரைக்கு மேல். முதலில் வெறும் துணி, அதைப் போடுவதும் எடுப்பதுமாகச் சில நாள். பிறகு சேணம், வயிற்றுப்பட்டை தொங்கிக்கொண்டு. பட்டையைக் கட்டும்போது நாலு விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டுத் தொடங்குங்கள். பத்தடி நடத்தி ஒரு துளை, திரும்பவும் நடத்தி இன்னொரு துளை. ஒரே இழுப்பில் இறுக்கினால் குட்டி மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பும், அடுத்த நொடி முதுகை வில்லாக வளைத்துத் துள்ளும், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் பட்டையைக் கண்டால் காதை மடக்கும். அங்கவடியை, அதாவது ஏறுகிறவர் கால் வைக்கும் வளையத்தை, தொங்கவிட்டு விலாவில் இடிக்க இடிக்க நடத்துங்கள். ஏறும் நாளில் எடை குறைந்த ஆள், கீழே கயிறு பிடிக்கத் தெரிந்த ஒருவர், முதலில் குப்புறப் படுத்தபடி கொஞ்சம் பாரம், பிறகு உட்கார்ந்து ஐந்து நிமிடம் நடை. பாய்ச்சல் எல்லாம் அடுத்த வருஷம்.

தேசிங்கு ராஜன் கதையைச் சொல்லி என்னை மடக்குவார்கள். ராணிப்பேட்டைக்கே அவன் ராணியால்தான் பெயர் வந்தது என்கிற ஊர் நம்முடையது, டெல்லி பாதுஷாவின் அடங்காத குதிரையை அந்தப் பிள்ளை ஒரே ஏறலில் அடக்கிய கதை எனக்கும் பிடிக்கும். கதையாகக் கேட்கப் பிடிக்கும். அந்தப் பரிசோதனையை நாற்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து வாங்கிய குட்டியில் செய்து பார்க்க வேண்டியதில்லை.

தீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை, இது எலும்போடு சேர்ந்த சங்கதி. நம் பக்கம் பால்மாட்டுக்குப் போட்ட கோ-4 புல்லையே குதிரைக்கும் வெட்டிப் போட்டு, மேலே வாளி நிறையத் தவிடு வைக்கிறார்கள். அந்த நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது, தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும், முற்றினால் முகத்தெலும்பு இரு பக்கமும் புடைத்துவிடும். தினமும் அதே புல்லையே போடாமல் மற்ற புல், காய்ந்த தீவனம், குதிரை மசால் என்கிற பசுந்தீவனம் என்று மாற்றிக் கொடுங்கள், தவிட்டைக் குறையுங்கள், தாது உப்பு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஏற்கெனவே இரண்டரை வயதில் ஏறிவிட்டவர்கள் பதற வேண்டாம், இன்றைக்கே சேணத்தை இறக்கினால் போதும். கடைவாய்ப் பல்லையும் முதுகையும் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், முட்டியில் வீக்கமோ சூடோ இருந்தால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை கொண்டுபோவது வீண் செலவில்லை. ஒரு ஆறு மாதம் மற்ற குதிரைகளோடு வேலி போட்ட கொல்லையில் அவிழ்த்துவிட்டுவிட்டு, பிறகு கயிற்றிலிருந்து முதல் பாடத்தைத் தொடங்குங்கள். முகூர்த்தத்துக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கியிருந்தால் ஆறு வயதுக்கு மேற்பட்ட குதிரை வைத்திருப்பவரிடம் அந்த ஆர்டரைக் கைமாற்றிவிடுங்கள், கமிஷன் கொடுப்பார்.