உயவு: அதிகம் ஓடாத காரின் எஞ்சினை வைத்து ஒரு சொல் விளக்கம்

லூப்ரிகேஷன் என்ற சொல்லின் வேர் லத்தீனில் உள்ள 'லூப்ரிகுஸ்'. வழுக்கலான, பிடி நழுவுகிற என்று பொருள். உரசி நகரும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே வேறொரு பொருளைப் புகுத்தி, உராய்வையும் தேய்மானத்தையும் குறைப்பதே லூப்ரிகேஷன். தமிழில் இதற்கு உயவு. பட்டறைகளில் 'ஆயில்' என்ற ஒரே சொல் பொருளையும் செயலையும் சேர்த்துக் குறித்துவிடுகிறது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எஞ்சினில் ஆயில் நிறைய இருக்கும், உயவு நடக்காது. மாதக்கணக்கில் நின்றே கிடக்கும் காரின் நிலை அதுதான்.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு உயவு என்றதும் வருத்தம் என்ற பொருள்தான் முதலில் தோன்றும். புறநானூறு 246-இல் வரும் 'உயவற் பெண்டிர்' கைம்மை நோன்பால் வருந்தும் பெண்கள். ஆனால் வண்டியச்சில் இடும் நெய்க்கு 'உயவுநெய்' என்ற பெயரும் உண்டு. இன்றைய கலைச்சொல்லின் பொருள் இதனோடுதான் ஒட்டிப்போகிறது. இன்னொரு சொல் மசகு. மாட்டுவண்டியின் அச்சில் தடவும் கரிய, கெட்டியான மையைக் குறித்தது. எஞ்சின் ஆயிலை 'மசகு எண்ணெய்' என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் இலங்கைச் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் நிலத்தடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய். ஆகவே செயலுக்கு உயவு, எஞ்சினில் ஊற்றுவதற்கு உயவெண்ணெய், கிரீஸுக்கு மசகு என்று பிரித்துக்கொள்வதே தெளிவு.

உயவு என்பது ஒரு நிகழ்வு என்பதை முதலில் கண்ணால் காட்டியது 1883-இல் பிரிட்டனில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் செய்த சோதனை. ரயில் அச்சுகளைத் தாங்கும் பேரிங்கை அவர் ஆராய்ந்தார். எண்ணெய் விடுவதற்காக மேலே போட்ட துளை வழியே எண்ணெய் வெளியே பொங்கி வந்தது. மரக்கட்டையால் துளையை அடைத்தார். கட்டையும் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அச்சு சுழலும்போது, அதன்மேல் ஒட்டிய எண்ணெயைக் குறுகலான இடைவெளிக்குள் இழுத்துச் செல்கிறது. அங்கே உண்டாகும் அழுத்தம் அச்சின் சுமையையே தாங்கிவிடுகிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். இன்றைய காரில், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளும் இப்படித்தான் இயங்குகின்றன. ஆயில் பம்ப் எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவே. சுமை தாங்கும் படலத்தை உண்டாக்குவது சுழற்சி. இதைப் பாய்ம உயவு என்கிறோம்.

சுழற்சி நின்றால் அந்தப் படலம் இல்லை. உலோகத்தின்மேல் ஒட்டிய மெல்லிய வேதிப் பூச்சு ஒன்றுதான் மிச்சம். இந்த நிலைக்கு எல்லை உயவு என்று பெயர். 1922-இல் வில்லியம் ஹார்டி கொடுத்த 'பவுண்டரி லூப்ரிகேஷன்' என்ற கலைச்சொல்லின் தமிழ் இது. உயவெண்ணெயில் சேர்க்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. வால்வுகளைத் திறக்கும் கேம் முனைகள், பிஸ்டன் மேலேறித் திரும்பும் இடம் ஆகியவை எஞ்சின் ஓடும்போதுகூட இந்த நிலையைத் தொட்டுத் தொட்டு வருபவை. ஸ்டார்ட் செய்யும் முதல் சில நொடிகளில் பேரிங்குகளும் இதே நிலையைக் கடந்துதான் ஆக வேண்டும்.

'நின்றால் எண்ணெய் முழுக்க எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் இறங்கிவிடும், ஸ்டார்ட் செய்தால் இரும்போடு இரும்பு உரசும்' என்ற பேச்சு பாதிதான் உண்மை. பேரிங்கின் இடைவெளி மிகக் குறுகல்; அதில் சிக்கிய எண்ணெய் அவ்வளவு எளிதில் வடியாது. வடிவது எண்ணெய் வாய்க்கால்களிலும் சிலிண்டர் சுவரிலும் கேம் முனைகளிலும் இருப்பது. பல ஃபில்டர்களின் உள்ளே, எண்ணெய் திரும்பி ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். அது விறைத்துப் போனால் ஃபில்டரும் காலியாகிவிடும். ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் ஆயில் விளக்கு தாமதமாக அணைவதும், டைமிங் செயின் சில நொடி கடகடப்பதும் இதன் அடையாளங்களாக இருக்கலாம். சிலிகோன் வால்வு உள்ள ஃபில்டர் சாதாரண ரப்பரைவிட நாள்படத் தாங்கும்.

ஓடாத காருக்குப் பெரிய பகை உராய்வு அல்ல, ஈரம். எஞ்சின் நிற்கும்போது ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தே இருக்கும். அதன் வழியே ஈரக்காற்று உள்ளே போகும். இரவுக் குளிரில் அது சுவரில் நீராகப் படியும். பிஸ்டன் ரிங் நிற்கும் இடத்தில் வளையமாகத் துரு கட்டும். அடுத்த முறை எஞ்சின் சுற்றும்போது ரிங் அந்தத் துருவைச் சுரண்டி எடுக்கும்; துருத்தூள் உப்புத்தாள் போலச் சுவரைத் தேய்க்கும். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும். உரசலால் குறைவது தேய்மானம், வேதிவினையால் குறைவது அரிமானம். தினமும் ஓடும் காரில் முதலாவது மேலோங்கும். நிற்கும் காரில் அரிமானம் முந்திக்கொண்டு தேய்மானத்துக்கு வழிவகுக்கிறது.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கும் வழக்கம் இதனால்தான் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். ரிங்குகளைத் தாண்டிக் கசியும் சிறு பகுதி சம்ப்புக்குள் இறங்கும். எண்ணெய் நன்றாகச் சூடேறினால்தான் அந்த நீரும், குளிர்ந்த எஞ்சினில் கூடுதலாகப் பீச்சப்பட்டுக் கலந்த பெட்ரோலும் ஆவியாகி வெளியேறும். எஞ்சினைக் குளிர்விக்கும் குளிர்நீர் (கூலன்ட்) சூடாகி மீட்டர் முள் நடுவுக்கு வந்த பின்னும் எண்ணெய் முழுச் சூட்டை எட்டச் சில கிலோமீட்டர் ஓட வேண்டும். ஐந்து நிமிட ஐட்லிங்கில் அந்தச் சூடு வரவே வராது. நீரும், எரிபுகை அதில் கரைந்து உண்டாகும் அமிலமும் எண்ணெயிலேயே தங்கிவிடும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை, அளவு குறையாமல் ஏறுவது, ஆயில் மூடியின் உட்புறம் வெளிர்மஞ்சள் குழம்பு படிவது எல்லாம் இதைச் சொல்பவை. குழம்பு படிவதோடு குளிர்நீரும் குறைந்தால் அது வேறு நோய். சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் சாலையில் ஓட்டுங்கள். முதல் பத்து நிமிடம் எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் போகாமல் மென்மையாகப் போதும். அப்படி ஓட்ட முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் விடுவதே மேல். எண்ணெய் மாற்றும் கணக்கும் கிலோமீட்டரை மட்டும் பார்த்து அல்ல. ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும், கையேடு வேறு காலம் சொல்லாவிட்டால் 12 மாதத்தில் மாற்றிவிட வேண்டும். நீண்ட நாள் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். அமிலம் சேர்ந்த பழைய எண்ணெயில் பேரிங் ஊறக் கூடாது.

டப்பாவில் உள்ள 5டபிள்யூ-30 போன்ற எண்கள் பாகுநிலையின், அதாவது எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதன் தரங்கள். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னால் உள்ள எண் சிறிதானால் குளிரிலும் எண்ணெய் விரைவாக ஏறும். பின் எண் 100 டிகிரி செல்சியஸில் உள்ள பாகுநிலையைக் காட்டுவது. நிற்கிற கார்தானே என்று கையேடு சொல்லாத கெட்டியான எண்ணெயை ஊற்றுவது தவறு. குளிர்ந்த ஸ்டார்ட்டில் அது மேலே போய்ச் சேரத் தாமதமாகும்.

ஒரு வருடத்துக்கு மேல் நின்ற பெட்ரோல் காரை நேரே சாவி திருப்பி எழுப்பக் கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 5 மில்லி எஞ்சின் ஆயில் விட்டுச் சில மணி நேரம் ஊற விட வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள போல்ட்டில் நீண்ட ஸ்பேனர் மாட்டி, எஞ்சின் சுழலும் திசையில் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். இறுகி நின்றால் வலுவைக் காட்டாதீர்கள், ரிங் ஒட்டியிருக்கலாம். தடையில்லாமல் சுற்றினால், ஃபியூயல் பம்ப் ஃபியூஸையும் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில் இணைப்புகளையும் எடுத்துவிட்டு, பேட்டரியை மாட்டி, பிளக் துளைகளின்மேல் துணி போட்டு, பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரை இயக்குங்கள். அமுக்கம் இல்லாததால் பேரிங்கில் சுமை மிகக் குறைவு. ஆயில் விளக்கு அணையும்வரை தொடரலாம். சில சுற்று முயன்றும் அணையாவிட்டால் நிறுத்தி, எண்ணெய் அளவையும் பம்பையும் பாருங்கள். அணைந்த பிறகே பிளக்கையும் ஃபியூஸையும் மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். உள்ளே விட்ட எண்ணெய் எரிவதால் முதலில் நீலப்புகை வரும். சில நிமிடங்களில் ஓயும். அரைமணி ஓட்டிவிட்டு, எண்ணெய் சூடாக இருக்கும்போதே ஃபில்டரோடு மாற்றி, வடித்ததைத் தட்டில் பரப்பிக் காந்தம் காட்டுங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டுவது இயல்பு. விரலில் நெருடும் துகள்கள் இருந்தால் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்த பிறகே காரை எடுக்க வேண்டும்.